ரோலர் பச்சை

அன்றைக்கு அந்தக் கார்க் கொட்டகைக்குள் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். காருக்குச் சொந்தக்காரரான பெரிய கிளாக்கர் ஐயா, தோட்டத்து ஒபிசில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி, கையில் தேங்காயும் சூடமும் வைத்த தட்டோடு. இஞ்சினைப் பிரித்துப் பூட்டிய சிங்கள மெக்கானிக், கினிகத்தேனை பாஸ். ஐயாவின் சிநேகிதர், பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர். அதே பெக்டரியில் ரோலர் ரூமில் வேலை செய்யும் என் தங்கையின் கணவர். பிறகு நான், இஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்தவன். ஏழாவதாக யாரும் இல்லை. நான் பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஏழாவதாக ஒருவர் இருந்திருந்தால், நான் சொன்னதை அவர் சொன்னார் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம்.

அந்த ஆறு பேரில் இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவர் என் தங்கையின் கணவர் மட்டும்தான். நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவரை பெக்டரிக்குள் எடுத்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. பெக்டரி என்றால் மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. கொழுந்து அதிகமாக வருகிற மாதங்களில் ஓவர்டைம் உண்டு. தங்கை வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்த ஓவர்டைமில்தான் ஓடியது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹட்டனில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை போட்டு திரீவீலருக்கும் லொறிக்கும் பெயிண்ட் அடிக்கிறேன். எனக்குப் பயம் அதிகம். கொட்டகையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை போய், தின்னர் போத்தலை மூடினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். திரும்பப் பூட்டிவிட்டு, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டாள்.

ஐயாவின் கார் ஐம்பதுகளில் வந்த சின்ன இங்கிலீஷ் கார். ஒரு துரை ஓட்டியதை, அவர் சீமைக்குத் திரும்பும்போது ஐயாவின் அப்பா வாங்கினாராம். பல வருடம் கொட்டகையில் கிடந்து பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. அதைத்தான் ஐயா பழையபடி ஓட வைக்கப் போகிறேன் என்று இறங்கினார். இஞ்சினைக் கழற்றி, ரயில் சிலிப்பர்க் கட்டைகள் மேல் உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தால் இஞ்சின் மாதிரியே இல்லை. எண்ணெயும் தூசியும் சேர்ந்து பாறை மாதிரி இறுகிக் கிடந்தது.

"வேலைக்கு என்னா கேக்குற?" என்றார் ஐயா.

அவர் கேட்டதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. தலவாக்கலையில் இன்னொரு பெயிண்டர் இருக்கிறார், அவரையும் விசாரித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாமானும் கூலியுமாகச் சேர்த்து மனசுக்குள் ஒரு தொகை போட்டேன். வாயைத் திறந்தபோது அதில் பாதிதான் வந்தது. ஐயாவே ஆச்சரியப்பட்டார். "பத்துமாப்பா?" என்று கேட்டார். "தாராளமாப் பத்துங்கய்யா" என்றேன்.

இஞ்சினுக்குப் பெயிண்ட் அடிப்பது கடைசி இரண்டு நாள் வேலை. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் சுரண்டல்தான். உடைந்த கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறேன். அதால்தான் அழுக்கை அடுக்கடுக்காக எடுத்தேன். பாஸ் உள்வேலையை முடித்து மூடியிருந்ததால், ஒரு துணுக்கு மண்கூட உள்ளே போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு துவாரத்தையும் துணி வைத்து அடைத்து, தக்கை இறுக்கி, மேலே டேப் ஒட்டினேன். எத்தனை துவாரம் அடைத்தேன் என்று சுவரில் கரியால் எழுதி வைத்தேன். பதினொன்று. காலையில் வந்ததும் எண்ணுவேன், போகும்போதும் எண்ணுவேன். பிறகு மண்ணெண்ணெய், பிரஷ். பிறகு சவர்க்காரத் தூள் போட்ட சுடுதண்ணீர். பிறகு கம்பி பிரஷ். நாலாம் நாள் இரும்பு சாம்பல் நிறத்தில் கண் திறந்தது. அதில் கை படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நாளைக்கே உரியும்.

டைனமோ இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு மூலையில், எண்ணெய் எட்டாத இடத்தில், பழைய பெயிண்ட் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. சாம்பல் கலந்த ஒரு பச்சை. ஐயா கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இதான்ப்பா. அப்பா பொனட்டத் தொறந்தா இந்தப் பச்சைதான் தெரியும். எனக்கு இதேதான் வேணும். வேற பச்சை அடிச்சிடாத."

அந்தப் பெயிண்டில் ஒரு செதிலைப் பெயர்த்து டேப்பில் ஒட்டி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சினுக்கா? அப்பச் சூடு தாங்குற பெயிண்டுதான் அடிக்கணும். இந்தக் கலரு ரெடிமேட் கெடையாது. கண்டிக்கு அனுப்பித்தான் கலக்கணும்."

விலையைச் சொன்னார். நான் ஐயாவிடம் மொத்தமாகக் கேட்ட தொகையை விட அது கொஞ்சம்தான் குறைவு. நாட்டில் எல்லாம் விலை ஏறிக் கிடந்த நேரம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் பாதி விலை சொன்னவன் நான்தான். "அப்புறமா வாறேன்" என்று வெளியே வந்து, ஒரு பிளேன்டீ வாங்கினேன். போன் கையில்தான் இருந்தது. ஐயாவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். 'விலை கூடிருச்சுங்கய்யா' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியவில்லை. டீ ஆறிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிடும்போது, சட்டைப் பையிலிருந்து அந்த டேப் துண்டு கீழே விழுந்தது. மாப்பிள்ளை எடுத்துப் பார்த்தார்.

"இது நம்ம ரோலர் பச்சையில்ல?"

தேயிலை அரைக்கிற ரோலர்களுக்கு, கொழுந்து குறைகிற காலத்தில் பெயிண்ட் அடிப்பார்களாம். அந்த மெஷின்களும் அந்தக் காலத்தில் சீமையிலிருந்து வந்தவைதான். பழைய நிறத்தையே பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டு வருகிறார்கள். போன தடவை அடித்ததில் முக்கால் டின் மிச்சம். அது ஒரு பீப்பாய்க்குப் பின்னால் கிடக்கிறது, கணக்குப் புத்தகத்தில் முடிந்துவிட்டதாக எழுதியாகிவிட்டது என்றார்.

நான் கேட்கவில்லை. இதை இப்போதும் சொல்லிக்கொள்கிறேன், நான் கேட்கவில்லை என்று. ஆனால் கடை விலையைச் சொன்னேன். ஐயாவிடம் பாதி விலை சொல்லி மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், சாப்பிடவில்லை. இதெல்லாம் கேட்பதல்லாமல் வேறென்ன?

"ஏன் மச்சான் மூஞ்சிய இப்புடி வச்சிருக்க, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி? கொண்டாந்து தாறேன், விடு."

"கேட்டுல செக் பண்ணுவாங்களே மாப்புள."

"அவங்க தேடுறது தேயிலத் தூளு. பெயிண்ட எவன் தேடுறான்? சோத்துக் கேரியர் அடித்தட்டுல ஊத்திக்கிட்டு வந்துருவேன்."

தங்கை அடுப்படியிலிருந்து கத்தினாள். "என் கேரியர்லயா? அப்புறம் பெயிண்டு நாத்தத்துலதான் சோறு திம்பீங்க ரெண்டு பேரும்!" மூவரும் சிரித்தோம்.

பெக்டரியில் ஒரு சட்டம் இருக்கிறது. உள்ளே இருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. வேலை முடிந்து வரும்போது வாசலில் வாச்சர் பையைப் பார்ப்பார், மடியைத் தடவுவார். ஒரு கை தூள் பிடிபட்டாலும் வேலை போய்விடும். மாப்பிள்ளை மேல் அந்த வாச்சருக்கு நம்பிக்கை. அவருடைய கேரியரைத் திறந்து பார்ப்பதில்லை. மூன்று நாள், மூன்று தடவை, அடித்தட்டில் பச்சை வந்து சேர்ந்தது. நான் காசு கொடுக்கப் போனேன். "காசெல்லாம் வேணாம். இஞ்சின் ஓடுற அன்னைக்குக் கூப்புடு, நம்ம பச்சைய நானும் பாக்கணும்" என்றார்.

பெயிண்ட் அடித்த இரண்டு நாளைப் பற்றி நான் பெருமையாகவே எழுதலாம். ஹட்டனில் மத்தியானத்துக்கு மேல் மிஸ்டு மூட்டம் இறங்கிவிடும். ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெள்ளை பூத்துப் பால் மாதிரி ஆகிவிடும். அதனால் இஞ்சினுக்குக் கீழே சிரட்டைக் கரித் தணல் வைத்து இரும்பை இளஞ்சூடாக்கி, பிறகு தணலைத் தூர எடுத்துவிட்டு, காலை வெயிலில் மட்டும் ஸ்பிரே கன்னைப் பிடித்தேன். முதலில் துருவுக்கான செம்பெயிண்ட். அதன் மேல் மெல்லிசாக மூன்று கோட் பச்சை. சூடு அதிகமாக ஏறும் புகைக்குழாயை மட்டும் தொடவில்லை. அடித்தது ரோலர் பெயிண்ட், சூட்டுக்கு நிற்குமா என்று எனக்கு உள்ளுக்குள் பதறிக்கொண்டே இருந்தது. ஆனால் நிறம்? அந்த மூலையில் மிஞ்சியிருந்த பழைய பச்சைக்குப் பக்கத்தில் இதை வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

ஐயா வந்து பார்த்தார். இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கப்பா கலந்த?"

"கண்டியிலங்கய்யா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். இரண்டாயிரம் கூட்டிக் கேட்க முடியாத வாயில்.

இஞ்சினைக் காருக்குள் இறக்கி ஓட வைத்த நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். மாப்பிள்ளை லீவு போட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் டீமேக்கரின் ஜீப் வந்து நின்றது. அவரை ஐயா கூப்பிட்டிருப்பார் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. மாப்பிள்ளை என் காதுக்கு அருகில் வந்தார்.

"நான் பின்பக்கமாப் போயிறவா?"

"நில்லு மாப்புள. இப்பப் போனாத்தான் சந்தேகம் வரும்" என்றேன்.

போகவிட்டிருக்கலாம். அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.

ஐயாவின் மனைவி சூடம் காட்டி, இஞ்சின் மேல் படாமல் தள்ளி நின்று தேங்காய் உடைத்தார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பாஸ் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. "ஹரி ஹொந்தய்!" என்று சிங்களத்தில் மெச்சி பாஸ் ஸ்டியரிங்கைத் தட்டினார். ஐயா அழுதுவிட்டார். பொனட் திறந்திருந்தது. பச்சை பளபளவென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

டீமேக்கர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏங்க கிளாக்கரே, நம்ம ரோலருக்கு அடிக்கிற பச்சை அப்புடியே இருக்கே! பேசாம இத பெக்டரிக்குத் தள்ளிட்டு வாங்க, ரெண்டு கூடை கொழுந்து போட்டு அரைச்சிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அவ்வளவுதான் விஷயம். அவர் சொன்னது வெறும் பகிடி. அடுத்த நிமிடம் ஐயா வடை சாப்பிடக் கூப்பிட்டிருப்பார், எல்லோரும் போயிருப்போம்.

"களவு எடுத்தது இல்லைங்கய்யா" என்றேன் நான்.

இஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. டீமேக்கர் காதில் கை வைத்து "என்னா?" என்றார். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நான் பாஸுக்குக் கை காட்டினேன். அவர் இஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"களவு இல்லைங்க. மிச்சம் கெடந்தது. பொஸ்தகத்துல முடிஞ்சதுன்னு எழுதினது. கேரியர் அடித்தட்டுல கொஞ்சங் கொஞ்சமாத்தான் வந்துச்சு, மூணு நாளு..."

டீமேக்கரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை.

"எந்தக் கேரியரு?"

நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் என் கண் போனது. அவருடைய கண்ணும் அது போன இடத்துக்குப் போனது. வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தூளுல ஒரு சிட்டிகை தொட்டது இல்லைங்கய்யா" என்றார் மாப்பிள்ளை.

"பெயிண்டு போனாப் போகட்டும்டா. ஒன் கேரியர் மூணு நாளு தொறக்காம கேட்டத் தாண்டியிருக்கு. அதுல வேற என்னா போச்சுன்னு தோட்டத்துத் தொர கேட்டா நான் என்னா சொல்றது?"

"இல்லைங்கய்யா."

"நாளைக்கு ஒபிசுக்கு வா."

யாரும் வடை சாப்பிடவில்லை. பாஸுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. "மொகத?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார், என்ன நடந்தது என்று. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு பேசிய பணத்தை முழுவதும் கையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெல பத்தலன்னா சொல்லியிருக்கலாமேப்பா. நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

பணத்தை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மாப்பிள்ளை முன்னால் நடந்தார். நான் பின்னால், பத்து அடி தள்ளி. நான் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தேன். பாதை திரும்பும் முடக்கில் அவர் நின்றார். திரும்பாமலேயே கேட்டார்.

"ஏன் மச்சான், ஒன்கிட்ட யாரு கேட்டா?"

நான் நேர்மையானவன், அதனால் வாயில் வந்துவிட்டது என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். அது பொய். கண்டியில் கலந்தது என்று சொன்னவன் நான். பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதே, அதைத் தாங்கிக்கொண்டு நிற்பதை விட பிடிபட்டுவிடுவது எனக்கு லேசாக இருந்தது. அவ்வளவுதான். என் பயத்தை இறக்கி வைக்க ஒரு இடம் தேடினேன், அவருடைய தலை பக்கத்தில் இருந்தது.

அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் போய்ப் பேசி, டீமேக்கரும் தூள் களவு இல்லை என்று எழுதிக் கொடுத்து, பெக்டரியிலிருந்து எடுத்து மலைக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் அவர் கவ்வாத்துக் கத்தியோடு மழையில் ஏறி இறங்கினார். ஓவர்டைம் இல்லை. மூத்த பிள்ளையின் டியூஷன் நின்றது. ஐயாவின் கார் மட்டும் ஓடியது. பச்சை உரியவே இல்லை. சூட்டுக்கு நிற்காது என்று நான் அவ்வளவு பயந்த பெயிண்ட், இன்றைக்கும் பளபளவென்றுதான் இருக்கிறதாம். ஆட்கள் வந்து பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு என் பெயரை விசாரிக்கிறார்களாம். அப்படி விசாரித்து இரண்டு பேர் என்னிடம் இஞ்சின் கொண்டுவந்தார்கள். அந்த வேலைகளையும் செய்தேன். சரியான விலை சொல்லித்தான் செய்தேன். இப்போது அது வாயில் வருகிறது.

எட்டு மாதம் கழித்து அவரை மறுபடி பெக்டரிக்குள் எடுத்தார்கள். ஆனால் வேலை விட்டு வரும்போது வரிசையில் எல்லோரையும் வாச்சர் பையைப் பார்த்து அனுப்புகிறார், இவருடைய கேரியரை மட்டும் தட்டுத் தட்டாகக் கழற்றி, கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க. நான் ஒரு நாள் ரோட்டிலிருந்து அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரவல் கேரியரைத் திருப்பி வாங்குவது மாதிரி, தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கொக்கியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அதற்கடுத்த நாள் தங்கையிடம் போனேன். எட்டு மாத ஓவர்டைமை நானே தந்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வாள், நான் வற்புறுத்துவேன், அவள் அழுவாள் என்றெல்லாம் வழியில் நினைத்துக்கொண்டு போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"மாசத்துக்கு எட்டாயிரம் போட்டா அறுவத்தி நாலாயிரம். வேணாம்னு சொல்ல மாட்டேன்ணே. சொன்னா நீ நிம்மதியாத் தூங்கிருவ."

ஒவ்வொரு மாதமும் முடிந்ததைக் கொண்டுபோகிறேன். மாப்பிள்ளை இருந்தால் "வா மச்சான்" என்கிறார், வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறார். தங்கை டீ தருகிறாள். பணத்தை எண்ணாமல் அரிசி டின்னுக்குள் போடுகிறாள். சில மாதம் கையில் ஒன்றும் இருக்காது. அந்த மாதம் அந்தப் பக்கத்து பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். இதுவரை இருபத்தேழாயிரம் கொடுத்திருக்கிறேன். இன்னும் முப்பத்தேழாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்.